கன்னியப்பன் என்றால் ஏன் சிரிக்கிறீர்கள்?

ஓஎம்ஆரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வடக்கிலிருந்து வந்த மேனேஜர் என் பெயருக்கு அர்த்தம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து சீட்டுத் தமிழன் முந்திக்கொண்டான்: “வர்ஜின் ஃபாதர்!” ரூமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக ஆபீசில் நான் ‘கண்ணன்’.

அந்த மொழிபெயர்ப்பே தப்பு. மாரியம்மனுக்கு மாரியப்பன், காளியம்மனுக்குக் காளியப்பன், கன்னியம்மனுக்குக் கன்னியப்பன். அம்மன் பெயரை ஆண்பிள்ளைக்குச் சூட்டும் வழி அது. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டித் தங்கம் வாங்கியபோது, யாரும் பெயரைப் பிரித்துப் பார்த்துச் சிரிக்கவில்லையே?

கன்னியம்மன் யார் என்று தெரிய வேண்டுமா? செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரைகளில் மஞ்சள் பூசிய ஏழு கற்களைப் பாருங்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் வாருங்கள். பல ஊர் இருளர்கள் கடற்கரையில் புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கி, விடியலில் மணலில் படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். மொட்டை, காதுகுத்து, பிள்ளைக்குப் பெயர் வைப்பது, கல்யாணம் எல்லாம் அங்கேதான். நான் இருளர் இல்லை. எங்க ஆயா ஏரிக்கரைக் கன்னிக்கு வேண்டிக்கிட்டு வைத்த பெயர் இது. சாமி ஒன்றுதான்.

அந்த ஊருக்கே பெயர் தந்த ‘மாமல்லன்’, நரசிம்மவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். பெரிய மல்லன் என்று அர்த்தம். இன்றைய பேச்சில் பயில்வான். அதற்கு யாரும் சிரிப்பதில்லை. சரித்திர நாவல் படித்துவிட்டுப் பிள்ளைக்கு ஆசையாக வைக்கிறோம்.

ஆக, பழசு என்பது பிரச்சினை இல்லை. ராமானுஜனும் பழைய பெயர்தான். அதைக் கேட்டால் ‘கிளாசிக்’ என்கிறோம். முனுசாமி, கன்னியப்பன் என்றால் சினிமா வாட்ச்மேன். அந்தப் பெயருக்குள் கழனியில் நின்றவன் தெரிகிறான், அதற்குத்தான் சிரிப்பு. தயவுசெய்து இதை ரசனை என்று சொல்லாதீர்கள். ஜாதி என்று சொல்லுங்கள்.

2023இல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு பிடிக்கிறவர்கள். மாசி, சடையன் இரண்டும் நம்ம ஆபீசில் சிரிப்பு கிளப்பும் பெயர்கள்தான். அவர்கள் அதோடுதான் டெல்லி வரை போனார்கள். நான் ஒரு மீட்டிங்கில்கூட என் பெயரை முழுசாகச் சொன்னதில்லை.

அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை. “டிரெண்டியா, ரெண்டெழுத்துல வைங்க மாமா” என்று மச்சினன் லிஸ்ட் அனுப்பியிருக்கிறான். வைக்கலாம். எதை வைத்தாலும் இனிஷியல் ‘க’. அது என்ன ‘க’ என்று ஒருநாள் பிள்ளையைக் கேட்பார்கள். அவன் வாய்க்குள் முனகக் கூடாது.

ஐடி கார்டில் பெயரை மாற்றச் சொல்லி நேற்று மெயில் போட்டேன். கீழே முழுசாக எழுதினேன்: கன்னியப்பன்.