கலை வாரமும் களரியும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, பழைய மாணவர் மலருக்கு ஏற்றவாறு பழைய நினைவுகள் சிலவற்றை எழுதித் தருவதாகவே ஒப்புக்கொண்டோம். ஆயின் எழுத அமர்ந்தவிடத்து, நெஞ்சம் பழமையிற் செல்லாது, அண்மையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நாம் கண்ட கலை வாரத்தின் மேலேயே சென்று நின்றது. அதுபற்றி எம் மனத்திலுள்ளதை ஒளியாது சொல்லிவிடுதல் நன்றெனத் துணிந்தோம். இம்மலரைப் படிப்போருட் பல்கலைக்கழகங்களிற் கற்பிப்போரும் உளர். நாளை அங்குச் செல்லவிருப்போர் பலர் இன்று எம் வகுப்பறையில் இருக்கின்றனர். ஆதலின் சொல்லவேண்டிய இடமும் இதுவே.

நாம் பல்கலைக்கழகத்திற் பயின்றவரல்லேம். ஆசிரிய கலாசாலையிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியராகத் தமிழ் கற்பித்து வருகின்றோம். எம்போன்றோர்க்கும் எம்மூர்க் கமக்காரர்க்கும் பல்கலைக்கழகத்தின் படலை திறப்பது ஆண்டில் ஒரு முறை, கலை வாரத்தின்போதே. மற்றை நாள்களில் வாயிற்காவலரிடம் காரணம் சொல்லாது உட்செல்லல் இயலாது. மாணவர்க்கு அவ்வாரம் படிப்பின் இடையே கிடைக்கும் ஓய்வாக இருக்கலாம். எமக்கோ ஊரும் கழகமும் ஒன்றையொன்று முகத்துக்கு முகம் காணும் வேளை அது ஒன்றுதான்.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இவ்வாரத்துக்குத் தனியொரு பொறுப்பும் உண்டு. 1991ஆம் ஆண்டில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகம். உயர்ந்த அந்நாளில் அதன்கண் இருந்த பீடங்கள் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என மூன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிறுவியிருப்பன விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய பீடங்கள். இவை வேண்டியவையே, இரணைமடுக் குளத்து நீர் பாயும் நாட்டில் விவசாய பீடம் இருப்பதிலும் பொருத்தமானது பிறிதில்லை. எனினும் தமிழையோ நாடகத்தையோ பட்டத்துக்கெனக் கற்க விழையும் வன்னி மாணவன் யாழ்ப்பாணத்துக்கோ கிழக்கிலங்கைக்கோ பேராதனைக்கோ செல்லவேண்டியவனாகின்றான். எஞ்சி இங்கே தங்குவோர்க்கு, கலை என்ற சொல் வளாகத்தினுள் ஒலிக்கும் காலம் அந்த ஏழு நாள்களே.

இனி நாம் கண்டது. வளாகம் எது என்பது ஈண்டு வேண்டப்படுவதன்று. முல்லைத்தீவுப் பகுதியைச் சேர்ந்த, எழுபது வயதைக் கடந்த அண்ணாவியார் ஒருவரை அங்கே அழைத்துச் செல்லும் பொறுப்பு எமக்கு நேர்ந்தது. கோவலன் கூத்தின் ஒரு பகுதியை ஆடிக் காட்டுமாறு மாணவர் அன்புடனேயே அழைத்திருந்தனர். அதை மறைத்தல் முறையன்று. அவருடன் எழுவர் வந்தனர். திரைப்படப் பாட்டுக்கு ஆடும் குழுநடனமொன்றுக்கும் மெல்லிசைப் போட்டிக்கும் இடையே இருபது நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பிரதம விருந்தினர் வரத் தாமதித்தமையால் இருபது பன்னிரண்டாயிற்று. ஒலிவாங்கியை மேடை நடுவே கோலில் நிறுத்தியிருந்தனர். கூத்தன் ஆடிக்கொண்டே பாடுபவன். வட்டமாகச் சுற்றி வருபவன். ஒலிவாங்கியை நீங்கினாற் பாட்டுக் கேளாது. நீங்காவிட்டால் ஆட்டம் இல்லை. கோவலனாக வந்தவர் இரண்டு சுற்று ஆடிப் பார்த்துவிட்டு, பின்னர் கோலின் முன் நின்றபடியே பாடி முடித்தார். மாணவர் கைதட்டினர். அண்ணாவியாருக்குப் பொன்னாடை போர்த்தினர். வந்து போன வாகனச் செலவை மாத்திரம் யாரும் நினைக்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் மனம் நொந்திருப்பார் என அஞ்சி, "ஐயா, குறை நினையாதேங்கோ" என்றோம். அவரோ, "குறையொண்டும் இல்லை வாத்தியார். எங்கட ஆட்டம் அவையளுக்கு விளங்கியிராது. ஆனா மேடைக்குப் பின்னால ஒரு சிங்களப் பொடியன் வந்து மத்தளத்தைத் தொட்டுப் பாத்தவன், கண்டனீங்களோ? ரெண்டு அடி சொல்லிக் குடுத்தன். டக்கெண்டு பிடிச்சிட்டான்" என்று மகிழ்ந்து பேசினார். மகிழ்ச்சி மறுநாட் காலை வரைதான் நின்றது. அது தை மாதம். கதிர் முற்றித் தலைசாய்ந்த நேரம். இரவில் வயலிற் காவலிருப்பவர் அவரே. காவலற்ற அந்த ஓரிரவில் பன்றிகள் இறங்கி அரை ஏக்கரை உழக்கிவிட்டன. பயிரழிக்கும் பன்றியைப் பற்றிப் பண்டிப் பள்ளு என்றே பாட்டு வைத்திருக்கும் நாடு எம் நாடு. அதைப் பாடத் தெரிந்த மனிதரின் வயலையே, கலை வளர்க்கப் போன இரவில், பண்டி தின்றது. அழைத்துச் சென்றவர் நாமாதலின் அக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

அந்தச் சிங்கள மாணவனைப் பற்றி நாம் பலகால் எண்ணியதுண்டு. அவன் மத்தளத்தைத் தொட்டது தற்செயலாயினும், அதற்கு இந்நாட்டிற் பெரியதொரு முன்வரலாறு இருக்கின்றது. பேராதனையில் ஆசிரியராயிருந்த எதிரிவீர சரச்சந்திரர் 1956ஆம் ஆண்டில் ‘மனமே’ என்னும் நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றிய படைப்பு அது. அவர் நாடிச் சென்றது தென்கரையோரத்து ‘நாடகம’ என்னும் ஆட்டமுறையை. அப்பெயரே அதன் தமிழ்த் தொடர்பைச் சொல்லும். அம்முறையைப் பல்கலைக்கழக மாணவர்க்குப் பழக்கியவர் அம்பலாங்கொடையைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குருநான்சே என்னும் கிராமத்து ஆசான். சில ஆண்டுகளின் பின், அதே பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையிலெடுத்தார். 1962இற் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1968இல் வாலிவதை என அவை வரிசையாக வந்தன. கர்ணன் போரை மாணவர்க்குப் பழக்க வந்தவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது அதே வந்தாறுமூலையிலேதான். அஃதே இன்று கிழக்குப் பல்கலைக்கழகமாக நிற்கின்றது.

விடிய விடிய ஆடும் கூத்தை வித்தியானந்தன் ஓரிரு மணி நேரத்துள் அடக்கியதும், நாற்புறமும் சனம் இருந்து பார்க்கும் வட்டக்களரியை விட்டு ஒருபுறம் பார்க்கும் மேடைக்கு ஏற்றியதும் சரியா என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். எம் கருத்தில் இழப்பு உண்டு; எனினும் அது கொடுக்கத் தகுந்த விலையே. ஏனெனிற் சுருக்கு முன்னர் அவர் கற்றார். மாணவரைப் பல நாள் ஆடப் பழக்கினார். அண்ணாவியாரை ஆசானாக இருத்தினார். எம் கலை வாரத்திலும் சுருக்கல் நிகழ்ந்தது. பன்னிரண்டு நிமிடமாகச் சுருக்கினோம். கற்றல் மாத்திரம் நிகழவில்லை. கற்றபின் சுருக்குவதும் கல்லாது சுருக்குவதும் ஒன்றாகா.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கலை வாரத்தின் ஏழு நாளில் ஆறு நாளை மாணவர் தம் விருப்பம்போல் நடத்துக. மெல்லிசை பாடுக, நாடகம் போடுக, பட்டிமன்றம் வைக்குக. மாணவர் திரைப்பாட்டுப் பாடுவது கண்டு முகஞ்சுளிக்கும் ஆசிரியரல்லேம். எம் இளமையில் நாமும் அவற்றைப் பாடித் திரிந்தவர்களே. எஞ்சிய ஒரு நாளுக்கு, மூன்று மாதம் முன்னதாகவே ஓர் அண்ணாவியாரை அழைத்து வந்து, விடுதியில் இடங்கொடுத்து, வேதனமும் கொடுத்து, மாணவர் இருபதுபேர் அவரிடம் ஆடப் பழகுக. அவ்வொரு நாளில் ஆடுவோர் மாணவராகவே இருக்கட்டும். அண்ணாவியார் களரியின் ஓரத்தில் மத்தளத்துடன் இருக்கட்டும். பட்டமில்லாதவரை எப்படி விரிவுரையாளர் ஆக்குவது என்று நிர்வாகத்தார் கேட்கக்கூடும். சான்றிதழின் அருமை எமக்குத் தெரியும், ஒன்றே ஒன்று வைத்திருப்பவராதலின். ஆயினும் குருநான்சேயிடமும் செல்லையா அண்ணாவியாரிடமும் பேராதனை பெறவிரும்பியது அவர்தம் ஆட்ட அறிவையே என்பதை நிர்வாகத்தார் நினைவுகூர்க.

அந்த ஒரு நாள் வளாகத்துள் நடத்தல் வேண்டா என்பதும் எம் எண்ணம். ஊரில், ஊரவர் கூத்தாடிய வெளியில் நடக்கட்டும். முல்லைத்தீவுப் பகுதியார்க்குத் தமக்கென ஒரு வாரம் முன்னரே உண்டு. வைகாசி விசாகத்தையொட்டிய வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னர் கடற்கரையிலே தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்பு நீரில் விளக்கேற்றி, பின் கண்ணகி அம்மன் சந்நிதிக்குக் கொண்டுசெல்லும் வரை நடப்பவற்றை அறியாத பழைய மாணவர் இரார். அவ்வாரத்தில் நிகழ்ச்சி நிரல் அச்சிடுவாரில்லை. பார்வையாளரென்றும் கலைஞரென்றும் வேலி போடுவாருமில்லை. வழிபாட்டுக்குரியவற்றை மேடைக்கு இழுத்து வருதல் தகாது. அங்கே சென்று காண்பதே முறை. கூத்தும் பள்ளும் சிந்துமோ எங்கும் ஆடவும் பாடவும் தக்கவை. விவசாய பீடத்து மாணவர் குருவிப் பள்ளைக் கேட்டால், பறவைகளாற் பயிருக்கு வரும் கேட்டைப் பற்றிப் புத்தகம் சொல்லாத சிலவற்றை அறிவர். மதங்கொண்ட யானையை அடக்கிய அரியாத்தையின் கதையை ஒப்பாரியாகப் பாடிவந்த ஊர்கள் இவை. அதனை அருணா செல்லத்துரை ‘வேழம்படுத்த வீராங்கனை’ எனக் கூத்தாக்கினார். முல்லைமணி பண்டாரவன்னியனை நாடகமாக எழுதினார். இவற்றை எடுத்து ஆடும் இளைஞர்தாம் அரியர்.

காலமோவெனின், மாசி பங்குனியே தக்கது. பெரும்போக வெள்ளாண்மை வெட்டிச் சூடடித்து நெல் வீடு வந்தபின் கமக்காரனுக்கு இரவு ஒழியும். 1977ஆம் ஆண்டின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியமர்ந்த மக்கள் தம்முடன் கொண்டுவந்த காமன் கூத்துக்கும் உரிய மாதம் மாசியே. பரீட்சை அட்டவணைக்கு அது ஒத்துவராது என்பர். ஒரு வாரம் முழுவதையும் மாற்ற வேண்டா. ஓரிரவை மாற்றினாற் போதும். அண்ணாவியாரின் வயல் காவலிருக்கும் இரவை வளாகம் கேட்கலாமாயின், வளாகத்தின் ஓரிரவை அண்ணாவியாரும் கேட்கலாம்.

இவ்வளவு அவசரப்படுவதேன் என்று வினவுவார்க்கு ஒன்று சொல்லி நிறுத்துவோம். 2009ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து செல்கையில் அந்த அண்ணாவியார் உடுப்பு, சதங்கை, மத்தளம் எல்லாவற்றையும் கைவிட்டார். கூத்துக் கொப்பியை மாத்திரம் பொலித்தீன் பையிற் சுற்றி இடுப்பிற் கட்டிவந்தார். வழியில் அது நனைந்தது. எழுத்து மங்கிய பக்கங்கள் பல. அவற்றிலுள்ள பாட்டு அவர் நாவில் மாத்திரமே உண்டு. எம் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குச் சென்று, அவர் பாடப் பாட எழுதி வருகின்றனர். மங்கிய பக்கங்களில் இன்னும் பதினொன்று எஞ்சியிருக்கின்றன. போன சனிக்கிழமை அவருக்கு இருமல் கூடியிருந்தமையாற் பாதிப் பக்கமே எழுத முடிந்தது.