கணினித் திரையில் காணாமற்போகும் எழுத்துகள்

எழுத்துக்கு ஒலி வடிவம், வரி வடிவம் என இரு வடிவங்கள் உண்டென்று இலக்கண வகுப்பிலே கற்பித்து வருகின்றோம். கணினி வந்தபின் மூன்றாவதாக ஒரு வடிவமும் சேர்ந்துவிட்டது. அதனை எண் வடிவம் எனலாம். கணினி ஒலியை அறியாது, வரியையும் அறியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்களையே வரிசையாக அடுக்கிச் சேமிக்கின்றது. திரையில் காட்டும்போது, எழுத்துரு என்னும் சிறு கோப்பு அந்த எண்ணுக்குரிய வரி வடிவத்தை எடுத்துக் கொடுக்கின்றது. இம்மூன்றாம் வடிவத்தைத் தமிழ் கற்றோராகிய நாம் போற்றாது விட்டோம். அதன் விளைவாக ஒரு தலைமுறையின் எழுத்துகள் நம் கண்முன்னேயே படிக்க இயலாதனவாகி வருகின்றன. இதுவே இக்கட்டுரையின் முறையீடு.

சீன எழுத்திலிருந்து தொடங்குதல் எளிது. சீன நாட்டு இயந்திரம் ஒன்றை வாங்கும் ஒருவர், அதனுடன் வந்த பி.டி.எஃப். கையேட்டைத் தம் கணினியில் திறக்கின்றார் என்று கொள்வோம். சில வேளைகளில் எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். கையேட்டை உருவாக்கியவர் எழுத்துருவைக் கோப்பினுள்ளே பொதிந்து அனுப்பவில்லை. திறப்பவர் கணினியிலும் சீன எழுத்துரு இல்லை. எண் இருக்கின்றது, வரி வடிவம் கொடுப்பார் இல்லை. இதற்காகவே அடோபி நிறுவனம் கிழக்காசிய மொழிகளுக்கான எழுத்துருத் தொகுப்பைத் தனியே வழங்கியது. அதனை நிறுவிய உடனே கட்டங்கள் மறைந்து எழுத்துகள் தோன்றும். நோய் எளிது, மருந்தும் எளிது. இத்தகைய வெற்றுக் கட்டத்தைக் கணினித் துறையினர் ‘டோஃபு’ என்னும் சோயாக் கட்டியின் பெயரால் வேடிக்கையாக அழைப்பர். அந்தக் கட்டி எங்குமே தோன்றலாகாது என்ற நோக்கில் கூகுள் நிறுவனம் உருவாக்கிய எழுத்துருக் குடும்பத்துக்கு ‘நோட்டோ’ என்று பெயர். அதன் சீன, சப்பானிய, கொரிய எழுத்துருக்கள் 2014ஆம் ஆண்டில் வெளிவந்தன.

மருந்து எளிதாக அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தொடக்ககாலக் கணினிகளின் எழுத்துருவில் இருந்தவை 256 இடங்களே. ஆயிரக்கணக்கான வடிவங்களையுடைய சீன எழுத்தை அச்சிறு பெட்டிக்குள் அடைக்க எவராலும் இயலாது. ஆகவே தரப்படுத்துவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. 1980ஆம் ஆண்டிலேயே சீன அரசு 6,763 எழுத்துகளுக்கு எண் வகுத்துத் தரமாக அறிவித்தது. தைவானில் 1984இல் 13,000க்கும் மேற்பட்ட எழுத்துகளுக்கு வேறொரு தரம் எழுந்தது. இவ்விரண்டும் தம்முள் மாறுபட்டன. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் குழப்பமே மிஞ்சியது. எனினும் எழுத்துக்கு எண் வேண்டும், அது பொது எண்ணாக இருத்தல் வேண்டும் என்னும் உண்மையை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்தனர்.

தமிழுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. நம் எழுத்துகள் 247. துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு முதலியவற்றைத் தனித்தனியே வைத்துக்கொண்டால் அத்தனைக்கும் வேண்டிய வடிவங்கள் 256 இடங்களுக்குள் அடங்கிவிடும். இந்த எளிமையைத் தமிழின் பெருமையாக மேடைகளில் பேசுவதுண்டு. கணினியைப் பொறுத்தவரை அந்த எளிமையே நமக்கு வினையாயிற்று. அடங்கும் என்று கண்டதும், ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் ஆளுக்கொரு வகையாகத் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்துக்கொண்டனர். தனியார் நிறுவனங்கள் ஒருவகை, நாளிதழ்கள் ஒருவகை, அயல்நாடுவாழ் தமிழர் ஒருவகை என எழுத்துருக்கள் பெருகின. ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் மற்றொருவர் ‘நு’ வைத்தார்.

எடுத்துக்காட்டாக, ஈழத்தமிழரிடையே மிகப் பரவிய பாமினி எழுத்துருவைக் காண்போம். அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் திரையில் ‘தமிழ்’ என்றே தோன்றும். கோப்பின் உள்ளே இருப்பனவோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினியை நீக்கிவிட்டால் அவையே வெளிப்படும். இன்றைய உலகப் பொதுமுறையாகிய ஒருங்குறியிலும் ‘தமிழ்’ என்பதற்கு ஐந்து எண்களே: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எண்ணிக்கை ஒன்றுதான், உரிமைதான் வேறு. ஒருங்குறியின் ஐந்தும் தமிழுக்கே உரியவை. பாமினியின் ஐந்தும் ஆங்கிலத்திடம் இரவல் பெற்றவை. சீன ஆவணத்தில் எழுத்துரு மட்டுமே காணாமற்போயிற்று. இங்கோ கோப்பினுள்ளே தமிழ் எழுத்தே இல்லை. அதனால்தான் அத்தகைய கோப்பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை, அகரவரிசைப்படுத்தினால் தாறுமாறாகின்றது.

இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றோரை நன்றியுடன் நினைத்தல் நம் கடமை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் 1997ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற ‘தமிழ்நெட் 99’ மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசு ஒரு விசைப்பலகையையும், ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு குறியீட்டு முறைகளையும் ஏற்றது. உலகத் தமிழார்வலர் பலர் கூடி வகுத்த ‘திஸ்கி’ முறையும் அக்காலத்தில் வழங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் வெளியிட்ட நூல்களையெல்லாம் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிற்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை இன்று நம் மாணவர் கைப்பேசியில் தேடிப் படிக்க முடிவது அந்த மாற்றத்தின் பயனேயாம். ஊதியம் கருதாத் தொண்டர்கள் மாற்றி முடித்துவிட்டனர். ஊதியம் பெறும் நாம் இன்னும் தொடங்கவில்லை. இதனைக் கசப்புடனேயே எழுதுகின்றேன்.

ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்த 1991இலேயே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. 2000ஆம் ஆண்டு விண்டோஸ் பதிப்பில் ‘லதா’ என்னும் ஒருங்குறித் தமிழ் எழுத்துரு உடன் வந்தது. 2010 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், உயிர்மெய்களுக்கும் தனித்தனி எண் வழங்கும் ‘டேஸ் 16’ முறையையும் தரங்களாக ஏற்று ஆணையிட்டது. அதன்பின்னும் பழைய எழுத்துருக்கள் ஏன் மறையவில்லை? அச்சுக்கூடங்களே காரணம். பக்கம் அமைக்கும் ‘பேஜ்மேக்கர்’ மென்பொருளின் இறுதிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அது ஒருங்குறித் தமிழை அறியாது. கைப்பழக்கம் காரணமாக அதனையே வைத்திருக்கும் கடைகளில் பழைய எழுத்துருவே ஆட்சி செய்கின்றது. அழைப்பிதழ் அடிக்க அது போதும். ஆய்வேட்டுக்கும் ஆண்டுமலருக்கும் போதாது.

என் எம்.ஃபில். ஆய்வேடு 2004இல் ஒரு கணினித் தட்டச்சுக் கடையில் உருவாகிக் குறுவட்டிலும் எனக்குக் கிடைத்தது. கடை பின்னர் மூடப்பட்டது. குறுவட்டு இன்றும் பழுதின்றி இயங்குகின்றது. அதனைத் திறந்தால் 140 பக்கங்களும் ஆங்கில எழுத்துகளும் விந்தைக் குறிகளுமாகக் காட்சியளிக்கின்றன. அச்சுப்படி நூலகத்தில் இருக்கின்றது என்று ஆறுதல் கூறலாம். அவ்வச்சுப்படியிலிருந்து ஒரு பத்தியை மேற்கோளாக்க விரும்பும் மாணவர், அதனை மீண்டும் எழுத்தெண்ணி அடித்தாக வேண்டும். இந்நிலை எனக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்தில் தமிழ்த்துறைகளிலிருந்து வெளிவந்த ஆய்வேடுகள், ஊர் வரலாறுகள், சிறப்பு மலர்கள் பலவும் இவ்வாறே கிடக்கின்றன.

மாணவச் செல்வங்கள் நோயை வகைபிரித்து அறிதல் வேண்டும். எல்லாவற்றையும் ‘எழுத்துரு இல்லை’ என்று ஒரே பெயரால் அழைத்தல் கூடாது. வெற்றுக் கட்டம் தோன்றுமாயின் எண் சரியாக உள்ளது, எழுத்துருவே குறை என்று அறிக. முந்திரி, காணி, மா முதலாகப் பழைய நிலப்பத்திரங்களில் வழங்கிய பின்னக் குறிகளும் பிறவுமாக 51 தமிழ்க் குறியீடுகள் 2019ஆம் ஆண்டில்தான் ஒருங்குறியில் சேர்ந்தன. காவிரிக்கரை நிலங்களின் பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்ற விரும்புவோர், அவற்றுக்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் கட்டங்களையே காண்பர். எழுத்துருவை நிறுவினால் தீரும். ஆங்கில எழுத்துகள் குப்பையாகத் தோன்றுமாயின் அது பழைய எழுத்துருக் கோப்பு. வேர்டு மென்பொருளில் அப்பகுதியைத் தெரிவுசெய்தால், எழுத்துரு நம்மிடம் இல்லாவிடினும் அதன் பெயரை மேலே காட்டும். பி.டி.எஃப். ஆயின் ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியல் இருக்கும். பெயர் தெரிந்துவிட்டால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் பெரும்பாலான பழைய குறியீடுகளை நொடியில் ஒருங்குறியாக்கித் தரும். ஒவ்வோர் எழுத்துக்கும் மும்மூன்று விந்தைக் குறிகள் தோன்றினால் கலங்க வேண்டுவதில்லை, அது ஒருங்குறிதான், கணினி வேறாகப் படிக்கின்றது, திறக்கும்போது ‘யு.டி.எஃப்.8’ எனத் தெரிவுசெய்தால் தெளியும். வரிசையாகக் கேள்விக்குறிகளே நிற்குமாயின் அதுவே கொடியது. ஒருங்குறியை அறியாத முறையில் எவரோ சேமித்துவிட்டனர். எழுத்தின் எண்ணே அழிந்துவிட்டது. அதற்கு மருந்தில்லை, மூலப்படியைத் தேட வேண்டியதுதான்.

பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் எழுத்துரு உள்ளேயே பொதிந்திருக்குமே, பின் என்ன குறை என்று அறிஞர் சிலர் வினவுகின்றனர். கண்ணுக்குக் குறையில்லை. அதிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டிப் பாருங்கள். பழைய எழுத்துருவில் அமைந்ததாயின் பெரும்பாலும் ஆங்கிலக் குப்பையே வந்து விழும். பார்வையற்ற மாணவருக்காகக் கணினி உரக்கப் படிக்கும் மென்பொருளும் அக்குப்பையையே படிக்கும். நம் வகுப்புகளில் பார்வையற்றோரும் பயில்கின்றனர் என்பதை நினைவிற்கொண்டு இவ்வினாவுக்கு விடை காணலாம்.

தட்டச்சுப் பயிலகத்தில் கற்ற கைப்பழக்கத்தை விட இயலாது என்பாரும் உளர். விசைப்பலகை வேறு, எழுத்துரு வேறு, குறியீடு வேறு. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதால் எழும் அச்சம் இது. என்.எச்.எம். ரைட்டர் முதலியவற்றில் பழைய தட்டச்சு முறையிலேயே விரல்களை இயக்கலாம். கோப்பில் பதிவது ஒருங்குறியாக இருக்கும். விரலுக்கு எந்த மாற்றமும் வேண்டுவதில்லை.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு இத்துன்பம் புதிதன்று. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தால் எழுதி, அரபியில் இல்லாத தமிழொலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகள் வகுத்து, அரபுத்தமிழ் என ஒரு நெறியை வளர்த்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) இயற்றிய நூல்களும் பிறவும் கல்லச்சில் வெளிவந்து வீடுதோறும் ஓதப்பட்டன. இன்று அந்நூல்களுள் எஞ்சியவை தாளும் மையும் கெடாமல் இருந்தும், எடுத்துப் படிக்க வல்லார் அருகிவிட்டனர். மொழி தமிழேயாயினும் எழுத்து கண்ணுக்கு அயலாகிவிட்டது. கணினியில் எழுத்துரு இல்லாமற்போவதற்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. அங்கே நூறாண்டு ஆயிற்று. இங்கே இருபதாண்டிலேயே நிகழ்ந்திருக்கின்றது. அரபுத்தமிழை மீண்டும் கற்க விரும்புவோர்க்குப் பெரியோர் சிலரேனும் உளர். ஒரு கடைக்காரர் தம் வசதிக்கு மாற்றிக்கொண்ட எழுத்துருவின் இடவமைப்பைக் கற்பிக்க எந்த மதரசாவும் எந்தக் கல்லூரியும் இராது.

இனிச் செய்யத்தக்கது பெரிதன்று. மலருக்கு வரும் கட்டுரைகளை ஒருங்குறியிலேயே பெறுதல் வேண்டும். ஆய்வேட்டின் அச்சுப்படியுடன் ஒருங்குறிக் கோப்பையும் நூலகம் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஜமாஅத்துப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பெரியோர்கள், ஏற்றித் தருபவரிடம் இஃது எம்முறை என்று ஒருமுறை வினவுதல் நன்று. பழையவற்றை மாற்றுவதில் ஒரே தடை, எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பது மறந்துபோவதே. மாற்றப்பட்ட உரையையும் மூலத்துடன் ஒப்புநோக்கித் திருத்தவேண்டியிருக்கும். ‘ஸ’, ‘ஜ’, ‘ஹ’ போன்ற கிரந்த எழுத்துகளிலும் எண்களிலும் பிழை நேர்வதுண்டு. நம் பெயர்களில் அவ்வெழுத்துகள் மிகுதி என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

பரமத்தி வேலூரிலும் நாமக்கல்லிலும் அக்காலத்தில் கணினித் தட்டச்சுக் கடை நடத்தியோர் சிலர் இன்று வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டாலும் நம்மிடையே வாழ்கின்றனர். தாம் பயன்படுத்திய எழுத்துருவின் பெயர் அவர்கள் நினைவில் இருக்கும். அரையாண்டு விடுமுறையில் மாணவர் இருவர் பழைய மலர்களையும் குறுவட்டுகளையும் எடுத்துச்சென்று, அவர்களிடம் கேட்டு, ஒவ்வோர் உறையின்மீதும் எழுத்துருவின் பெயரை எழுதி வருவார்களாயின், மறுநாளே பணியைத் தொடங்கிவிடலாம்.