எந்தச் சக்கரத்துக்குத் தவணை கட்டுகிறோம்?

கார் வாங்க எண்ணும்போது நிறம், இருக்கை, விலை என எல்லாவற்றையும் ஆராய்கிறோம். இயந்திரத்தின் விசை எந்தச் சக்கரங்களுக்குப் போகிறது என்று மட்டும் கேட்க மறக்கிறோம். ஐந்து, ஏழு ஆண்டுகள் தவணை செலுத்தப் போகும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுவே.

இதற்கான பாடம் பெங்களூரை அடுத்த பிடதியிலேயே இருக்கிறது. அங்குள்ள டொயோட்டா கிர்லோஸ்கர் நிறுவனம் 2005இல் கொண்டுவந்த இன்னோவாவும், 2016இல் வந்த கிரிஸ்டாவும் பின்சக்கர இயக்க வண்டிகள். 2022இல் அறிமுகமான ஹைகிராஸ் முன்சக்கர இயக்கத்துக்கு மாறியது. அதே நிறுவனத்தின் ஃபார்ச்சூனரில் நான்கு சக்கர இயக்கமும் உண்டு. மூன்றும் மூன்று வகைத் தேவைக்கானவை.

முன்சக்கர இயக்கத்தில் இயந்திரம், கியர்பெட்டி, இழுக்கும் சக்கரங்கள் யாவும் முன்புறமே அமைகின்றன. பின்னச்சுக்கு விசை கொண்டுசெல்லும் நீண்ட தண்டு தேவையில்லை. எடை குறைகிறது, உள்ளே இடம் கூடுகிறது, எரிபொருளும் மிச்சமாகிறது. பின்சக்கர இயக்கம் பாரம் ஏற்றுவோருக்கு உகந்தது. ஆட்களும் மூட்டைகளும் நிறைந்த வண்டி மேட்டில் ஏறுகையில் எடை பின்னோக்கிச் சாய்வதால், பின்சக்கரங்கள் தரையை நன்கு பற்றுகின்றன. நான்கு சக்கர இயக்கம் சேற்றிலும் மணலிலும் கைகொடுக்கும்; ஆனால் விலை, எடை, எரிபொருள், பராமரிப்பு எல்லாம் கூடும்.

மழைக்காலத்தில் நான்கு சக்கர இயக்கமே பாதுகாப்பு என்போர் உண்டு. இதை நாம் ஏற்பதற்கில்லை. வழுக்கும் தரையில் வண்டியை நகர்த்த அது உதவும், நிறுத்த உதவாது. எவ்வகைக் காரிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இயங்குகிறது. ஈரச்சாலையில் உயிர் காப்பது தேயாத டயரும் நிதானமும்தான்.

சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து அலுவலகம் செல்வோருக்கும், விடுமுறைக்கு ஓசூர் வழியே சேலம் செல்வோருக்கும் முன்சக்கர இயக்கம் போதும். சுமையோடு அடிக்கடி மலையேறுவோர் பின்சக்கர இயக்கத்தை எண்ணலாம். குடகின் மண் பாதைகளில் அன்றாடம் தோட்டத்துக்குச் செல்வோருக்கே நான்கு சக்கர இயக்கம் உண்மையான தேவை.

கர்நாடகத்தில் வாகன ஆயுட்கால வரி விலையை ஒட்டியே விதிக்கப்படுகிறது; விலை உயர்ந்தால் வரியும் உயரும். ஆகவே, ஆண்டில் ஒருநாள் சேற்றில் இறங்கும் ஆசைக்கு அசல், வட்டி, வரி என மூன்று முறை பணம் கொடுக்கிறோம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள் நம் பெரியோர். கடன் விண்ணப்பத்தில் ஒப்பமிடுமுன், கடந்த ஓராண்டில் நாம் சென்ற பாதைகளை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். நமக்கேற்ற வண்டி எதுவென்று அந்தத் தாளே சொல்லிவிடும்.