பட்டினி பூனையைத் திருத்தாது

இலங்கை மலையகத்தின் டிக்கோயாத் தேயிலைத் தோட்ட லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எலிக்காக வளர்க்கப்படும் பூனைக்குச் சோறும் கருவாடும் போதும், அவற்றை மறுக்கும் பூனையைப் பசியில் விட்டால் அது தானாகவே வழிக்கு வரும் என்னும் வாதம், சிக்கனத்தை மதித்தாலும் பூனையின் உடலியல்பை மதிக்கவில்லை. சில நாள் உண்ணாத பூனையின், குறிப்பாகப் பருத்த பூனையின், ஈரலில் கொழுப்புத் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இதயத்துக்கும் கண்ணுக்கும் இன்றியமையாத டோரின் என்னும் அமினோ அமிலத்தைப் பூனையின் உடல் போதிய அளவு உருவாக்காது. சோற்றிலும் அது இல்லை. அதன் குறைபாடு இதயத்தசையை நலிவிக்கும் என்பதை 1987இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் காட்டினர்.

சோற்றுக்கு மாற்றான ஈர உணவு, அதாவது முக்கால் பங்குக்கும் மேல் நீர் கொண்ட, டின்னிலோ பையிலோ அடைத்த பூனை உணவு, இயல்பாகவே குறைவாக நீர் அருந்தும் இவ்விலங்குக்கு நீரையும் சேர்த்தே ஊட்டுகிறது. இறைச்சியோ மீனோ முதற்பொருளாகவும், ‘முழுமையான உணவு’ என்னும் குறிப்புடனும் இருப்பதே தரமானது. மனிதர் சமைக்கும் உப்பிட்ட டின்மீன் அதற்கு ஈடாகாது. பூனை சுவையைவிட மணத்தையே நம்பி உண்பதால், மலைக்குளிரில் ஆறிப்போன உணவை இளஞ்சூடாக்கி வைத்தாலே பல பூனைகளின் மறுப்பு நீங்கும். நாட்கூலிக் குடும்பத்துக்கு விலை சுமையே என்பது உண்மை. அதற்கு விடை, உப்பும் வெங்காயமும் சேராமல் அவித்த மீனை அவித்த நீரோடு கொடுத்து, இயன்றபோது ஈர உணவைச் சிறிது சிறிதாகக் கலப்பதேயன்றி, பட்டினி போடுவதன்று.