சந்தா நூலும் சொந்த நூலும்

நம் விடுதியில் சனிக்கிழமை இரவுதோறும் ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் கூடுகின்றனர். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் திருடனாகவும் வேடம் ஏற்பர், பகடை உருளும். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று 1974-இல் அமெரிக்காவில் பிறந்த ஆட்டம் இது. பாடநூலைத் தொடாதவர்கூட இதன் விதி நூலைப் பக்கம் பக்கமாக ஒப்பிக்கின்றனர். நான் குறை கூறவில்லை. நானும் அந்த மேசையில் உட்காருகிறவன்தான்.

அங்கே ஒரு வழக்கு எழுந்தது. விதி நூல்களை அச்சில் வாங்குவதா, மாதச் சந்தா கட்டிக் கைப்பேசியில் வைத்துக்கொள்வதா? பெரும்பாலோர் சந்தாவின் பக்கம். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அச்சு நூலின் விலையும் மிகுதி, கனமும் மிகுதி. திரையிலோ தேடும் விதி ஒரு நொடியில் வந்து நிற்கிறது.

ஆனால் 2024 ஆகஸ்டில் நடந்ததை அவர்கள் மறந்துவிட்டனர். அந்த ஆட்டத்தின் இணையத் தளமான ‘டி அண்ட் டி பியாண்ட்’, புதிய பதிப்பு வருவதைக் காரணம் காட்டி, ஆட்டக்காரர்களின் பாத்திரக் குறிப்பேடுகளில் இருந்த பழைய மந்திரங்களைப் புதியவையாக மாற்றப் போவதாக அறிவித்தது. பழையது வேண்டுவோர் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாமாம்! கூக்குரல் எழுந்தது, சில நாள்களில் முடிவு கைவிடப்பட்டது. நல்லதே. எனினும், என் அலமாரியில் உள்ள நூலின் பக்கத்தை மாற்ற எந்த நிறுவனம் வரமுடியும்? 2009-இல் அமேசான், உரிமைச் சிக்கல் ஒன்றால், வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து சில நூல்களை அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அழிந்தவற்றுள் ஒன்று ஆர்வெல்லின் ‘1984’. புனைகதையில் எழுதினால் மிகை என்போம்.

விஞ்ஞான மாணவனான நான் சந்தாவைப் பழிப்பது நன்றிகேடு என்று ஒரு நண்பர் இடித்துரைத்தார். உண்மை. 2025 ஜனவரி முதல் நடக்கும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’த் திட்டத்தில், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாயில், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிலையங்களுக்குத் திறந்துள்ளன. நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் நூலகத்தின் அடித்தளத்தில் தூசி படிந்து கிடக்கும் பழைய இதழ்க்கட்டு, அன்றைய சந்தா நின்று எத்தனையோ ஆண்டாகியும் அங்கேயே இருக்கிறது. திரையில் வாசித்தவையோ, நான் பட்டம் பெற்று வெளியேறும் நாளில் என் கணக்கோடு மூடப்படும்.

என் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்று சொல்ல வேண்டும். மூணாற்றுக்கு அப்பால், இடுக்கி மாவட்டக் காட்டுக்குள் இடமலைக்குடி என்று முதுவர்களின் ஊராட்சி உள்ளது. மதுரையிலிருந்து மலையேறியவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களது வழிவழிக் கதை. அங்கே சின்னத்தம்பி என்ற முதியவர், ஒரு சிறு தேநீர்க் கடைக்குள் 160 நூல்களோடு நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் எழுதினார். சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அவற்றுள் இருந்தது. 2013-இல் 37 முறை நூல்கள் இரவல் போயிருந்தன. ஒவ்வொன்றும் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. கம்பியும் கோபுரமும் எட்டாத இடத்தை நூல் எட்டியது, ஒரு மனிதர் சுமந்ததால். மலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவனுக்கு இதன் அருமை தெரியும். மழைக்காலத்தில் எங்கள் வரிசையில் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதே ஒரு வேலை.

ஆகவே சங்கத்திற்கு என் யோசனை. 2023 ஜனவரியில், பெரும் எதிர்ப்புக்குப் பிறகு, அந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகளை ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் வெளியிட்டுவிட்டனர். ஏறத்தாழ 400 பக்கம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். இரண்டு படிகள் அச்செடுத்துக் கட்டித் தைத்துச் சங்க அறையில் வைப்போம். இரவல் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பிறகு தமிழாக்குவோம். மூணாற்று லயங்களிலும் சித்தூர்ப் பக்கத்திலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஒரு படி எடுத்துப் போகலாம். மந்திரங்களுக்குப் பெயர் சூட்டத் தமிழிலக்கிய வகுப்பு நண்பர்கள் முன்வரட்டும். இருபது முகப் பகடையின் நிகழ்தகவுக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.