டியூப் பஜனை

ஹை கெயின் ஆம்ப் விமர்சன வீடியோக்களுக்கு ஒரு சடங்கு முறை உண்டு. பின்னால் நீல விளக்கு, முன்னால் பளபளக்கும் ஆம்ப் ஹெட், நடுவில் தாடி வைத்த ஒருவர். கெயினை ஏழில் வைப்பார், வால்யூமை ஏற்றுவார், ஒரு பவர் கார்டை அடித்துவிட்டு அது அடங்கும்வரை கண்ணை மூடிக்கொள்வார். திறந்ததும் சொல்வார்: 'இதில் ஆன்மா இருக்கிறது.' கீழே நூற்றுக்கணக்கானவர்கள் ஆமாம் போடுவார்கள். லட்சங்களில் விலை போகும் ஒரு மின்சாதனத்தை மதிப்பிட்டு முடித்தாயிற்று.

இது பஜனை. நவீன மெட்டலுக்கான ஆம்பை இப்படி எடைபோடவே முடியாது என்பது என் கட்சி.

மிருதங்கக்காரரைத் தனி ஆவர்த்தனத்தை மட்டும் வைத்து எடைபோட்டால் சபாவின் முன்வரிசைத் தாத்தாக்கள் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். பாட்டுக்கு எப்படி வாசித்தார் என்பதல்லவா கேள்வி? மெட்டலில் ரிதம் கிட்டார் பக்கவாத்தியம்தான். கிக் டிரம்முக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் அது உட்கார வேண்டும். தனியாகக் கேட்கும்போது அறையை நிறைக்கும் டோன் அந்த இடுக்கில் உட்காராது, மற்ற இரண்டையும் இடித்துத் தள்ளும். நீங்கள் கொண்டாடும் பல ஆல்பங்களில் கிட்டாரை மட்டும் பிரித்துக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல இருக்கும். மிக்ஸ் செய்தவர் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததையெல்லாம் வெட்டிப் போட்டிருப்பார். 'கிட்டார் என்னா கனம்!' என்று நாம் சிலிர்க்கிற கனத்தில் பெரும்பங்கு பேஸ் கிட்டாருடையது. அந்த மனுஷனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

கொஞ்சம் கணக்கு. வழக்கமான ட்யூனிங்கில் கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். ஏழு கம்பிக் கிட்டாரில் தாழ்ந்த பி 62. எட்டுக் கம்பியில் தாழ்ந்த எஃப் ஷார்ப் 46. பேஸ் கிட்டாரின் ஈ 41 என்பதை நினைவில் வையுங்கள், நாம் ஏறக்குறைய அதன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டோம். இரண்டு சுரங்கள் ஒன்றாக டிஸ்டார்ஷனுக்குள் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய அதிர்வெண்களாக வெளியே வரும். ஸவும் பவும் சேர்ந்த பவர் கார்டில் அந்தக் கழித்தல் சரியாக ஒரு ஸ்தாயி கீழே விழுகிறது. பவர் கார்டு அவ்வளவு பெரிதாகக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே வித்தையை 46 ஹெர்ட்ஸில் காட்டினால் 23இல் ஒரு உறுமல் கிடைக்கும். அது சுரம் இல்லை, சேறு.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 200 பீட் ஓடும் பாட்டில், பீட்டுக்கு நான்கு அடி வீதம் வாசித்தால் ஒவ்வொரு அடிக்கும் கிடைப்பது 75 மில்லிசெகண்ட். உள்ளங்கையால் கம்பியை அடக்கி அடிக்கும்போது தாழ்ந்த அதிர்வு மொத்தமாகப் போய் டியூபில் மோதும். டியூப்களுக்கு இடையில் இருக்கும் கெப்பாசிட்டரில் சார்ஜ் ஏறும், அது வடிய நேரம் பிடிக்கும். வடிவதற்குள் அடுத்த அடி வந்து நிற்கும். அதனால் ஓர் ஆம்பைச் சோதிக்கும்போது, சுரம் நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். கையை வைத்ததும் ஆம்ப் வாயை மூடுகிறதா, இல்லை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறதா? ஒற்றை கார்டை அடித்துவிட்டுக் கண்ணை மூடுகிற ஆசாமிக்கு இது கடைசிவரை தெரியப்போவதில்லை.

மெட்டல் கிட்டாரிஸ்டுகள் ஆம்புக்கு முன்னால் ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடலைப் போடுவது இதற்காகத்தான். டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு. ஏற்கெனவே கெயின் வழிகிற ஆம்புக்கு இன்னொரு டிஸ்டார்ஷன் பெடல் எதுக்கு? அந்தச் சர்க்யூட்டில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக கெயின் குறைந்துகொண்டே வரும். சேறு கலங்குவதற்கு முன்பே வடிகட்டியாகிவிட்டது. வேடிக்கை, பெயரில்தான் டியூப். உள்ளே ஓர் ஐசியும் சில டயோடுகளும்.

விமர்சனங்களில் புழங்கும் சொற்களும் இந்த இசைக்குச் சொந்தமானவை அல்ல. கதகதப்பு, வெண்ணெய், மூச்சு, 'ஆம்ப் கையோடு பேசுது' இதெல்லாம் ப்ளூஸ் ரசிகர்கள் தங்கள் இசைக்காக உண்டாக்கிய அகராதி. அங்கே அது பொருந்தும். ஓங்கி அடித்ததும் பவர் சப்ளை ஒரு கணம் துவண்டு மெல்ல எழுவது ப்ளூஸில் அழகு, வேகமான ரிஃப்பில் கோளாறு. மெசா பூகியின் டூயல் ரெக்டிஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். ரெக்டிஃபயர் டியூபா, சிலிக்கான் டயோடா என்று தேர்ந்தெடுக்க அதில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. இறுக்கம் வேண்டுமென்கிற மெட்டல்காரர்கள் டயோடு பக்கம் தள்ளிவிட்டு வாசிக்கிறார்கள்.

வரலாறும் பக்தர்கள் பக்கம் இல்லை. பன்டேராவின் டைம்பேக் டேரல் 1990களின் ஆரம்பத்தில் மெட்டல் கிட்டாரின் ஒலியையே திருப்பிப்போட்டது ராண்டால் ட்ரான்சிஸ்டர் ஆம்பில். என்டூம்ட் ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' (1990) பதிவு செய்தபோது அந்த ரம்ப ஒலி வந்தது பாஸ் எச்எம்-2 என்ற பெடலிலிருந்து. நான்கு குமிழ்களையும் கடைசிவரை திருகிவிட்டார்கள். எந்த விமர்சகரும் இப்படி வைக்கச் சொல்லியிருக்க மாட்டார். 1991இல் உற்பத்தி நின்றுபோன அந்தப் பெடலை 2020இல் பாஸ் மறுபடி வெளியிட்டது, ஸ்வீடிஷ் டெத் மெட்டல் பையன்கள் அதற்குத் தேடிக்கொடுத்த மவுசால்.

பெயர் நம் காதை என்ன செய்கிறது என்பதற்கு பீவி 5150ஐவிட நல்ல உதாரணம் இல்லை. 1992இல் எடி வான் ஹேலனுக்காகச் செய்த ஆம்ப், டியூப்தான். மெட்டல் உலகம் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன்னுடையதாக்கிக்கொண்டது. 2004இல் அவர் பீவியை விட்டு விலகியபோது பெயரையும் எடுத்துக்கொண்டு போனார். பீவி ஏறக்குறைய அதே சர்க்யூட்டை 6505 என்ற பெயரில் தொடர்ந்து விற்றது. இன்றைக்கும் பழைய கட்டை எழுத்து 5150க்குத் தனி விலை, தனி பக்தர் கூட்டம். மாயம் அந்த எழுத்துருவில் இருக்கிறது போல.

இதில் எனக்கென்ன இவ்வளவு கோபம்? தெரிந்த தம்பி ஒருவன், கல்லூரி மூன்றாம் ஆண்டு, கேட்டான்: 'அண்ணா, டியூப் ஆம்ப் இல்லாம வாசிச்சா அது மெட்டலே இல்லையாமே?' அவனிடம் இருப்பது ஒரு லேப்டாப், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், நியூரல் ஆம்ப் மாடலர் என்கிற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ரிஃப் எழுதுவதை நிறுத்திவிட்டு பகுதிநேர வேலை தேடிக்கொண்டிருந்தான், ஆம்புக்குக் காசு சேர்க்க. மெஷுகாவும் பெரிஃபெரியும் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் என்ற டிஜிட்டல் பெட்டியோடு மேடையேறியவர்கள் என்று சொன்னேன். நம்பாமல் பார்த்தான். இருபது வயதில் ஒருவனுடைய ரிஃப்புகளைத் தின்கிற இந்தக் கதைகளை நான் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 120 வாட் டியூப் ஹெட்டை நான்கு ஸ்பீக்கர் கேபினட்டில் செருகி அதன் முன்னே நின்று வாசித்தால் கால்சட்டை அதிரும். ஹெட்ஃபோனில் அது வராது. வாசிக்கிறவனுக்கு அந்தச் சுகம் நிஜம், அதனால் அவன் நன்றாகவே வாசிக்கவும் கூடும். ஆனால் அந்த அதிர்வு கேட்பவனின் காதுக்கு வருவதற்குள் ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், ஒரு மிக்ஸ் என்று மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். ஸ்பீக்கரின் முன் ஷ்யூர் எஸ்எம்57 மைக்கை ஓர் அங்குலம் நகர்த்திப் பாருங்கள். ட்ரெபிள் குமிழை எவ்வளவு திருகினாலும் வராத மாற்றம் வரும். வீடியோக்களிலோ ஆம்புக்கு ஆம்ப் கேபினட் மாறுகிறது, மைக் நகர்கிறது, கை மாறுகிறது. ஆபீஸில் ஒரு புரோகிராம் வேகமாகிவிட்டது என்று இந்த லட்சணத்தில் அளந்துகொண்டு போனால் என் டீமே என்னைக் கலாய்க்கும்.

அப்புறம் வால்யூம். சத்தம் கூடும்போது தாழ்ந்ததும் உச்சமும் நம் காதுக்கு எடுப்பாகத் தெரியும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்துவிட்டார்கள். இரண்டு ஆம்ப்களில் எது கொஞ்சம் உரக்க ஒலிக்கிறதோ அதற்குத்தான் 'ஆன்மா' பட்டம் கிடைக்கும்.

நான் தம்பிக்குச் சொன்ன வழி இது. ஒரு ரிஃப்பை ஒரே ஒருமுறை, ஆம்ப் இல்லாமல் வெறும் கிட்டார் சிக்னலாகப் பதிவு செய். அதே பதிவை ஒவ்வொரு ஆம்ப் வழியாகவும், ஒவ்வொரு மாடலிங் வழியாகவும் அனுப்பு. ஸ்பீக்கரும் மைக்கும் மாறக் கூடாது. டிரம்ஸோடும் பேஸோடும் சேர்த்து மிக்ஸ் பண்ணு, எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவா. பிறகு கோப்புகளின் பெயர்களை வேறு யாரையாவது விட்டு மாற்றச் சொல், எது எது என்ற பட்டியல் அவர்களிடமே இருக்கட்டும். அவன் அம்மாவை மாற்றச் சொல்லியிருக்கிறான். எட்டுக் கோப்புக்கும் காய்கறிப் பெயராக வைத்திருக்கிறாராம். இப்போதைக்கு முருங்கைக்காய் முன்னணியில் இருக்கிறது.