முறை போட்டால் வலை நிறையும்!

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. இந்தியாவில் உள்ள உப்புநீர் ஏரிகளில் இது மிகப் பெரியவற்றில் ஒன்று. ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரிதான் இதைவிடப் பெரியது. பழவேற்காடு ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் உள்ளது. தென் பகுதி தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

இந்த ஏரித் தண்ணீருக்குப் பட்டா கிடையாது. வேலி கிடையாது. இறாலும் மீனும் எந்த வலையில் விழும் என்று எழுதி வைக்கவும் இல்லை. அப்படியானால், வலுத்தவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடலாம் அல்லவா?

அதைத் தடுக்க மீனவர்கள் ஒரு வழி கண்டார்கள். அதன் பெயர் "பாடு".

பாடு என்றால் என்ன?

ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் இறால் அதிகம் கிடைக்கும். அங்கே வலை கட்டுவதற்கு என்று சில இடங்கள் உண்டு. அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். ஓர் இடத்தில் மீன் அதிகம். இன்னோர் இடத்தில் குறைவு. ஆகவே, சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யாருக்கு எந்த இடம், யாருக்கு எந்த முறை என்று முடிவாகும். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் பிறகு அதை விட்டுக் கொடுப்பார். அடுத்தவர் அங்கே போவார்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இந்த முறை பல தலைமுறைகளாக இருந்து வந்திருக்கிறது. முறை தவறியவர் ஊர்ப் பஞ்சாயத்தில் பதில் சொல்ல வேண்டும்.

பொதுச் சொத்தைக் காப்பாற்ற முறை வேண்டும் என்பது இந்த ஏரி சொல்லும் பாடம். கம்ப்யூட்டர் உலகத்திலும் ஒரு பொதுச் சொத்து இருக்கிறது. அங்கே இந்தப் பாடத்தை இன்னும் பலர் படிக்கவில்லை.

முடிச்சைக் காட்டும் வலைக்காரர்

செல்போனும் கம்ப்யூட்டரும் தாமாக வேலை செய்யா. "இதைச் செய், அதைச் செய்" என்று கட்டளை எழுதி உள்ளே வைக்க வேண்டும். அதற்கு மென்பொருள் என்று பெயர். சாப்ட்வேர் என்றும் சொல்லுவார்கள்.

மென்பொருளில் இரண்டு வகை உண்டு. இதை ஒரு வலையை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

ஒருவர் வலை விற்கிறார். எப்படி முடிச்சுப் போட்டார் என்பதைச் சொல்ல மாட்டார். கிழிந்தால் அவரிடமே போக வேண்டும். அவர் கேட்கிற கூலியைக் கொடுக்க வேண்டும். இது மூடிய மென்பொருள்.

இன்னொருவர் வலையையும் கொடுக்கிறார், முடிச்சையும் காட்டுகிறார். "கிழிந்தால் நீயே தைத்துக்கொள். கண்ணியைச் சிறிதாக்கு, பெரிதாக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடு" என்கிறார். இது திறந்த மென்பொருள்.

1991-ம் ஆண்டு, பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் "லினக்ஸ்" என்ற மென்பொருளை இப்படித் தொடங்கினார். அதை எடுத்துத் திருத்தவும் வளர்க்கவும் உலகம் முழுவதும் ஆட்கள் வந்தார்கள். ஆண்ட்ராய்டு செல்போன் ஒவ்வொன்றின் உள்ளேயும் இன்று லினக்ஸ் இருக்கிறது. பழவேற்காட்டுப் படகில் மீனவர் சட்டைப் பையில் வைத்திருக்கும் போனிலும் அது இருக்கலாம். அவருக்கு அது தெரிந்திருக்காது.

தமிழிலும் இப்படிப் பொதுப் பணிகள் உண்டு. பழைய தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998-ல் தொடங்கியது. தமிழ் விக்கிபீடியா 2003-ல் பிறந்தது. அதில் இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. திறந்த மென்பொருளைத் தமிழில் சொல்லிக் கொடுக்கும் "கணியம்" இதழ் 2012-ல் வந்தது. இவற்றில் பெரும் பகுதி தொண்டர்கள் சம்பளம் இல்லாமல் செய்த வேலை.

கூடை சுமப்பவர் எங்கே?

வேலை நடக்கிறது. ஆனால் அது ஊருக்குத் தெரிகிறதா?

ஏரியில் ஆண்கள் வலை வீசுகிறார்கள். மீன் கரைக்கு வருகிறது. அதோடு வேலை முடிந்துவிடுகிறதா? இல்லை. பெண்கள் கூடையில் எடுத்து வைக்கிறார்கள். சந்தைக்குக் கொண்டு போகிறார்கள். "புது மீன், வாங்கம்மா" என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடாவிட்டால் மீன் நாறிப்போகும். வலை வீசியவரின் உழைப்பும் வீணாகும்.

திறந்த மென்பொருளுக்கும் இப்படிக் கூடை சுமப்பவர்கள் வேண்டும். இன்று சந்தை எங்கே இருக்கிறது? பேஸ்புக், யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய சமூக வலைத்தளங்களில் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் அங்கே விளம்பரத்துக்குப் பணத்தை வாரி இறைக்கின்றன. தொண்டர்களிடம் அந்தப் பணம் இல்லை. வாய் இருக்கிறது. நேரம் கொஞ்சம் இருக்கிறது. இவற்றை ஒழுங்கு செய்தால் போதும்.

இப்படிச் செய்து காட்டியவர்கள் உண்டு. "பயர்பாக்ஸ்" என்ற திறந்த மென்பொருள் 2004-ல் வெளிவந்தது. இணையப் பக்கங்களைப் பார்க்க அது உதவும். அதை உலகுக்குச் சொல்லத் தொண்டர்கள் கூடினார்கள். கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். 2004-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி அமெரிக்காவின் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் இரண்டு பக்க விளம்பரம் வந்தது. கொடுத்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். அவர்கள் பெயர்களைப் பொடி எழுத்தில் அந்த விளம்பரத்திலேயே அச்சடித்தார்கள்.

2010-ல் அதே பயர்பாக்சுக்கு இன்னொரு தொண்டர் படை வந்தது. டுவிட்டரில் (இப்போது அதற்கு எக்ஸ் என்று பெயர்) யாராவது "எனக்குப் பயர்பாக்ஸ் ஓடவில்லை" என்று எழுதுவார்கள். தொண்டர்கள் அதைத் தேடிப் பிடித்து, "இப்படிச் செய்து பாருங்கள்" என்று பதில் போடுவார்கள். மென்பொருள் எழுதத் தெரிய வேண்டியது இல்லை. பொறுமையாகப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஒருவர் தோளில் முழுப் பாரம்

நமது ஊர்களில் என்ன நடக்கிறது? ஆர்வம் உள்ள ஓர் இளைஞர் இந்த வேலையை எடுத்துக்கொள்கிறார். கணக்கைத் தொடங்குகிறார். அதன் சாவியான பாஸ்வேர்டு அவர் ஒருவரிடமே இருக்கிறது. படமும் அவர்தான் போடுகிறார். கேள்விக்குப் பதிலும் அவர்தான் எழுதுகிறார். திட்டுக் கேட்பவரும் அவர்தான். முதல் ஆறு மாதம் நன்றாக நடக்கிறது. பிறகு அவருக்கு வேலை கிடைக்கிறது. அல்லது கல்யாணம் ஆகிறது. கணக்கு தூங்கிப்போகிறது. பாஸ்வேர்டும் அவரோடு போய்விடுகிறது.

இது அந்த இளைஞரின் குற்றமா? இல்லை. முறை போடாதவர்களின் குற்றம்.

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. மென்பொருள் எழுதியவருக்குப் பெயர் கிடைக்கிறது. அதை ஊருக்குச் சொன்னவருக்குப் பெயர் இல்லை. "சும்மா போனைத் தட்டுகிறவர்தானே" என்று ஏளனம் செய்கிறார்கள். மீன் விற்கும் பெண்ணை "சும்மா கூடை தூக்குகிறவள்தானே" என்று சொல்லும் வீடு உருப்படுமா?

ஐந்து ஒழுங்குகள்

பாட்டு முறையைப் பார்த்துத் தொண்டர்கள் ஐந்து ஒழுங்குகளை வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, முறை. ஒரு வாரத்துக்கு இரண்டு பேர். அடுத்த வாரம் வேறு இரண்டு பேர். யாருக்கு எந்த வாரம் என்பதை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். முறை இல்லாத வாரத்தில் தொண்டர் நிம்மதியாக ஓய்வு எடுக்கலாம்.

இரண்டாவது, சாவி. கணக்கின் சாவி குறைந்தது மூன்று பேரிடம் இருக்க வேண்டும். ஒருவர் விலகினால் அன்றே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, இரண்டு கண். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்த பிறகே வெளியிட வேண்டும். கோபத்தில் எழுதியது இந்த இரண்டாவது கண்ணில் நின்றுவிடும். பொய்ச் செய்தியும் நின்றுவிடும்.

நான்காவது, திரும்பக் கொண்டு வருதல். சந்தைக்குப் போன பெண் காசை மட்டுமா கொண்டு வருகிறாள்? "நண்டு கேட்கிறார்கள், இறால் சின்னதாக இருக்கிறது என்கிறார்கள்" என்று சேதியும் கொண்டு வருகிறாள். அதுபோல், மக்கள் சொல்லும் குறைகளைத் தொண்டர்கள் எழுதி வைத்து, மென்பொருள் எழுதுகிறவர்களிடம் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, பெயர். யார் யார் வேலை செய்தார்கள் என்று வெளியே சொல்ல வேண்டும். பத்தாயிரம் பெயர்களைப் பத்திரிகையில் அச்சடிக்க முடிந்தது. பத்துப் பெயர்களை எழுத முடியாதா?

எழுதும் தமிழும் எளிதாக இருக்க வேண்டும். நேற்று எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற தாய்க்கும் அது புரிய வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குக் குரலில் பேசி அனுப்பலாம்.

நல்லவாட்டில் நடந்தது

"சேதி சொல்வது என்ன பெரிய வேலை?" என்று கேட்பவர்கள் நல்லவாட்டைப் பார்க்க வேண்டும்.

நல்லவாடு புதுச்சேரியில் உள்ள மீனவ ஊர். அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கிராம அறிவு மையம் வைத்திருந்தது. கடல் நிலவரம் போன்ற செய்திகளை ஊர்க்காரர்களே ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். ஆபத்தை அறிந்து ஊருக்குப் போன் செய்தார். ஊர் இளைஞர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் ஓடினார்கள். சுமார் 3,600 பேரும் தப்பினார்கள்!

ஒலிபெருக்கி தயாராக இருந்தது. அதைத் தொடும் கைகளும் தயாராக இருந்தன. மக்களுக்கு அந்தக் குரலில் நம்பிக்கை இருந்தது. இந்த மூன்றும் ஒரு நாளில் வந்தவை அல்ல. நாள்தோறும் சின்னச் சின்ன சேதிகளைச் சரியாகச் சொல்லி வந்ததால் வந்தவை.

ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு

பழவேற்காட்டுப் பக்கத்து இளைஞர்களுக்கு ஏற்ற ஒரு திறந்த பணி இருக்கிறது. அது "ஓபன் ஸ்ட்ரீட் மேப்" என்ற உலக நிலப்படம். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. இதில் யாரும் தங்கள் தெருவையும் ஊரையும் வரையலாம். தமிழிலேயே பெயர் எழுதலாம். 2015-ல் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே குறிப்பதற்கு இந்த நிலப்படம் பயன்பட்டது. அந்தச் சேதி சமூக வலைத்தளங்கள் வழியாகத்தான் பரவியது.

ஏரியில் மணல் தூர்கிறது. முகத்துவாரம் அடைபடுகிறது. படகுத்துறை எது, புயல் பாதுகாப்பு மையத்துக்கு எந்த வழி என்பதெல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே நன்றாகத் தெரியும். ஐந்து பேர் வரையலாம். ஐந்து பேர் அதை ஊருக்குச் சொல்லலாம். பள்ளி முடித்த பெண்கள் இந்தச் சொல்லும் வேலைக்கு மிகவும் ஏற்றவர்கள்.

பெற்றோருக்குப் பயம் இருக்கும். "பிள்ளை போனும் கையுமாக இருக்கிறதே!" என்று கவலைப்படுவார்கள். அந்தக் கவலை நியாயமானது. முறை போட்ட வேலைக்கு ஆரம்பம் உண்டு, முடிவும் உண்டு. பெரியவர் ஒருவர் கூட இருக்கலாம். சொந்தப் பெயரும் போன் நம்பரும் வெளியே போகாமல், பொதுக் கணக்கில் எழுதலாம். நோக்கம் இல்லாமல் போனைப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பாட்டில் உள்ள ஒரு குறை

பாட்டு முறையில் எடுத்துக்கொள்ள வேண்டியது அதிகம். விட்டுவிட வேண்டியதும் ஒன்று உண்டு.

பாட்டில் எல்லோருக்கும் இடம் இல்லை. அது குறிப்பிட்ட ஊர்களில், குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்தவர்களின் உரிமை. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் பங்கு கிடையாது. இறால் விலை ஏறிய பிறகு, பாட்டில் இடம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சச்சரவுகள் வந்ததும் உண்டு. ஏரியில் இடம் அளவானது. எல்லோரும் வலை கட்டினால் யாருக்கும் மீன் இல்லை. ஆகவே அந்தச் சிக்கல் எளிதில் தீருவது அல்ல.

மென்பொருள் அப்படிப்பட்டது அல்ல. ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையாது. எடுக்க எடுக்க வளரும். ஆகவே, அங்கே கதவை மூட எந்தக் காரணமும் இல்லை. ஆங்கிலம் தெரிந்தவர், நகரத்தில் இருப்பவர், ஏற்கனவே பழகியவர் என்று ஒரு சிறு கூட்டமே சாவியை வைத்துக்கொண்டால், அதற்குத் திறந்த மென்பொருள் என்று பெயர் வைப்பதில் அர்த்தம் இல்லை. முறைப் பட்டியலில் குப்பத்துப் பெண்ணின் பெயரும், இருளர் வீட்டுப் பையனின் பெயரும் இருக்க வேண்டும்.

தமிழில் பொதுப் பணி செய்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தாளை எடுக்கட்டும். அடுத்த நான்கு வாரங்களை எழுதட்டும். ஒவ்வொரு வாரத்துக்கும் நேராக இரண்டு பெயர்களை எழுதட்டும். அதில் ஒரு பெயராவது புதியவருடையதாக இருக்கட்டும்.